வாசலுக்கு வாசல் நின்ற தீயணைப்பு வண்டி

சீமையில் ஒரு சந்தை ஊர். அந்த ஊர் நகராட்சிக்கு இருந்தது ஒரே குதிரை, பெயர் கிளாரா. தினமும் குப்பை வண்டி இழுப்பாள். தீப்பிடித்து மணி அடித்தால், அவளை அவிழ்த்துத் தீயணைப்பு வண்டியில் பூட்டிவிடுவார்கள்.

ஒருநாள் காலையில் ரொட்டிக்கடையில் தீ. கிளாரா நாலுகால் பாய்ச்சலில்தான் கிளம்பினாள். ஆனால் கால் பழக்கத்தை விட்டால்தானே! ஒவ்வொரு வாசலிலும் நின்றுவிட்டாள்.

"அடியே, இது குப்பை வண்டி இல்லை! என் மானத்தை வாங்காதே!" என்று கத்தியது தீயணைப்பு வண்டி.

"நான் என்ன அண்ணே செய்வேன்? கால் தானா நிக்குது."

குப்பை வாளியோடு வெளியே வந்தவர்கள் புகையைப் பார்த்தார்கள். குப்பையை வாசலிலேயே கொட்டிவிட்டு, அதே வாளியில் தண்ணீர் மொண்டுகொண்டு ஓடினார்கள். வண்டி போய்ச் சேருமுன்னே தீ அணைந்துவிட்டது.

நகராட்சித் தலைவர் வண்டியைத் தட்டிக் கொடுத்தார்.

"வீடு வீடாக நின்று ஆள் திரட்டியது என் யோசனையாக்கும்!" என்று பெருமையடித்தது வண்டி.

கிளாரா தெருவைத் திரும்பிப் பார்த்தாள். வாசலுக்கு வாசல் குப்பை.

"அப்போ இதுவும் உங்க யோசனைதானே அண்ணே? ஏத்திக்கிட்டே போயிடலாம்" என்று வண்டியை இழுத்துக்கொண்டு முதல் வாசலில் போய் நின்றாள்.