பின்னறைப் பேஸ்போல்

செபமாலை பாதிக்கு வந்திருந்தபோது பின்னறையிலிருந்து அந்தச் சத்தம் கேட்டது.

"என்ர ராசா... என்ர ராசா..."

முன்னறையில் மாதா சொரூபத்துக்கு முன்னால் முழங்காலில் இருந்த எல்லோருக்கும் அது கேட்டது. வாய்கள் 'அருள் நிறைந்த மரியே' என்றன. கண்கள் இசபெல்லிடம் போயின.

இசபெல்லுக்கு முகம் சுட்டது. வைகாசி மாதத்தில் மாதா சொரூபம் வீடு வீடாகப் போவது லண்டனில் அவர்களுடைய சட்டன் கோயில் பங்கில் வழக்கம். ஒரு வருடம் காத்திருந்து இன்றைக்குத்தான் அவள் வீட்டுக்கு வந்திருக்கிறது. செபமாலைக் கூட்டத்துக்குத் தலைவியும் அவள்தான். தலைவி வீட்டிலேயே இந்தக் கூத்து.

செபம் முடிந்து பற்றிஸ் பலகாரத் தட்டு சுற்றி வந்தபோது செபக் கூட்டத்துக் கிளறிற்றா மெல்ல வாயைக் கிண்டினாள்.

"அருள்நேசன் அண்ணை ஆரை அங்க ராசா எண்டுறார்?"

"பேஸ்போல் பார்க்கிறார்." சொல்லவே இசபெல்லுக்கு வாய் கூசியது.

மூன்று வருடமாக இதே கதைதான். ஞாயிறு பின்னேரமானால் அவள் புருசன் அருள்நேசன் காதில் வயரை மாட்டிக்கொண்டு டிவிக்கு முன்னால் குந்திவிடுவார். "விடாத, அடி" என்று கத்துவார், கெஞ்சுவார், சில நாள் கண்ணீரும் விடுவார். வீட்டு விஷயத்தில் மட்டும் வாயில் பூட்டு. மகன் லெஸ்லி வேலை கிடைத்து ரொறொன்ரோவுக்குப் போனபோது ஹீத்ரோவில் அவனுக்குக் கை கொடுத்து, "குளிருக்குக் கவனம்" என்றதோடு சரி. அவனும் தகப்பனுக்குத் தப்பாத பிள்ளை. தலையை ஆட்டிவிட்டுப் போனான்.

போனவன் மயூரா என்ற சைவப் பிள்ளைக்குக் கோயிலில் தாலி கட்டினான். சேதி வந்த கிழமையே இசபெல் பங்குச் சனத்துக்கு முன்னால் சொல்லிவிட்டாள்.

"இனி என்ர வீட்டில அவனோட ஒருத்தரும் கதைக்கப்படாது."

அருள்நேசன் அதைக் கேட்டதும் எழும்பிப் போய்த் தேத்தண்ணி போட்டார். இது கல்லு மனுசன் என்று இசபெல் அன்றைக்கே முடிவு கட்டினாள். மகனை நினைத்துத் தான் தலையணைக்குள் அழுதது அவளுக்குத்தான் தெரியும். ஆனால் சொன்ன சொல் சொன்னதுதான். இன்றைய செபமாலையைக் குடும்பங்களின் ஒற்றுமைக்காக ஒப்புக்கொடுப்பதாக அறிவித்தவளும் அவளேதான் என்பது வேறு விஷயம்.

"பெத்த பிள்ளையை ஒருநாள் ராசா எண்டு கூப்பிட்டதில்லை. ஊரான் பெத்தவன் பந்தை அடிச்சா ராசாவாம்" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். இசபெல்லும் சேர்ந்து சிரித்தாள். புருசனை விட்டுக்கொடுத்துத் தன் மானத்தைக் காப்பாற்றுவது அவளுக்கு எப்போதோ பழகிவிட்டது.

கிளறிற்றாவின் மருமகன் கிருசாந்தன் ரொறொன்ரோவிலிருந்து லீவில் வந்தவன். பேஸ்போல் என்றதும் அவனுக்கு முகம் மலர்ந்தது. ஸ்கோர் பார்த்துவிட்டு வருகிறேன் என்று பின்னறைக்குப் போனவன் போன வேகத்தில் திரும்பி வந்தான்.

"அன்ரி, எங்கட ரொறொன்ரோ டீமின்ர மட்ச்தான். ஆனா இன்னும் தொடங்கேல்ல. மட்ச் நடக்கிற ஊரில மழை. கிரவுண்டைத் தார்ப்பாய் போட்டு மூடி வைச்சிருக்கிறாங்கள். அங்கிள் அதுக்கு முன்னால இருந்து அழுறார்."

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். இசபெல் பற்றிஸ் தட்டைத் தொப்பென்று வைத்தாள். மனுசனை இழுத்து வந்து மாதாவுக்கு முன்னால் முழங்காலில் விடுவது என்ற முடிவோடு எழும்பிப் போனாள்.

அருள்நேசன் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். கன்னம் முழுக்க ஈரம். டிவியில் உண்மையாகவே மழைதான். அந்த டிவியில் என்ன ஓடுகிறது என்று இசபெல் நின்று பார்த்தது இதுதான் முதல் தடவை.

அப்போதுதான் அதையும் கண்டாள். காதுவயர் டிவிக்குப் போகவில்லை. அவர் மடியில் கிடந்த போனுக்குப் போனது.

போனில் ஒரு படம். வெள்ளைத் துணியில் சுற்றிய, பிறந்து சில மணி நேரம்கூட ஆகாத ஒரு பச்சைக் குழந்தை. படத்துக்கு மேலே லெஸ்லியின் பெயர்.

வயரின் ஒரு முனை காதிலிருந்து கழன்று அவர் நெஞ்சில் கிடந்தது. அதை எடுத்துத் தன் காதில் வைத்தாள்.

மகன் குரல். அந்தக் குரலும் அழுதுகொண்டுதான் இருந்தது.

"ஞாயிறுதோறும் நாங்கள் போனில கதைச்சுக்கொண்டு சேர்ந்து பாக்கிற இந்த மட்ச் மட்டும் இல்லாட்டி, உங்களுக்கு இதெல்லாம் நான் எப்பிடிச் சொல்லியிருப்பன் எண்டு தெரியேல்ல, அப்பா. பிள்ளையின்ர மூக்கைப் பாத்தீங்களோ? அப்பிடியே அம்மாவின்ர மூக்கு."

முன்னறையில் இன்னும் சிரிப்புச் சத்தம் கேட்டது. அந்தச் சிரிப்பைத் தொடக்கிவைத்தது தன் வாய்தான் என்று நினைத்து இசபெல் கூனிக் குறுகிப் போனாள். மூன்று வருடமாக ஞாயிறுதோறும் இந்த மனுசன் ராசா என்று கூப்பிட்டது யாரை என்பது இப்போதுதான் விளங்கியது.

காதுக்குள் லெஸ்லி மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னான்.

"அழாதேங்கோ அப்பா. அம்மா நாலு சனத்துக்கு முன்னால சொன்ன சொல்லு, அது அப்பிடியே நிக்கட்டும். ஏன் அழுறீங்கள் எண்டு அவ கேட்டா, எங்கட டீம் தோத்துப்போச்செண்டு சொல்லுங்கோ."