ஓட்டிப் பார்த்தல்

பாலக்கரைச் சந்து வீட்டின் மாடியறையில் மத்தியானத்திலும் ஜன்னல் சாத்தியே கிடக்கிறது. புது கிராபிக்ஸ் கார்டுக்குக் கையிருப்பு எட்டாததால், பழசு ஒன்று விலைக்கு வருவதாகக் கேள்விப்பட்டுத் துவாக்குடியிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறாள் யாழினி. "பையன் தவறினதுலேர்ந்து யாரும் இதப் போடலம்மா. நீயே ஓட்டிப் பாத்துக்க," என்று சொல்லிவிட்டு ரெங்கராஜ் கதவோரமாகவே நின்றுகொள்கிறார். அவள் மேஜையில் இருக்கும் கம்ப்யூட்டரின் ஸ்விட்சைப் போட்டுக் கேம் ஒன்றைத் திறக்கிறாள். மழை பெய்யும் காட்டின் நீல வெளிச்சம், சுவரில் மாலை போட்ட படத்தின் கண்ணாடியில் விழுந்து, சிரிக்கும் முகத்தை மறைக்கிறது. மழை வலுக்க வலுக்க கார்டின் விசிறிகள் முனகத் தொடங்கி, பிறகு ஓங்கி இரைகின்றன. உள்ளிருந்து வெதுவெதுப்பாகத் தூசி வாசனை வருகிறது. நல்ல கார்டுதான், எங்கேயும் திணறவில்லை. அந்த இரைச்சல் படியிறங்கிப் போயிருக்க வேண்டும். கீழே அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றுபோகிறது. "போதும் பிரசன்னா, அணைச்சிட்டு சாப்பிட வாப்பா," என்கிறது ஒரு பெண்குரல், தினமும் சொல்லிச் சலித்த தொனியில். தட்டு ஒன்றைத் தரையில் வைக்கும் ஓசை கேட்கிறது. ரெங்கராஜ் யாழினியைப் பார்க்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அவள் விரல் ஸ்விட்சின் மேல் போய் நிற்கிறது. அணைத்தால், யாராவது எழுந்துபோய்ச் சாப்பிட வேண்டும்.