பிளஸ் சி

இன்டக்ரேஷன் கணக்கில் விடையின் முடிவில் 'பிளஸ் சி' என்று மாறிலியைச் சேர்க்காவிட்டால் ஹெப்சி மேடம் ஒரு மார்க் குறைத்துவிடுவார். பொத்தேரிக் கல்லூரியில் அது எல்லோருக்கும் தெரியும். பர்வேஸ் மட்டும் ஒவ்வொரு முறையும் மறப்பான். போன மாத இன்டர்னல் தேர்வில் அந்த ஒரு மார்க்கில்தான் ஃபெயிலானான்.

"மேடம், இப்பவே கிளம்பி வரேன். ஒரு தடவை பேப்பரைப் பாருங்க, ப்ளீஸ்" என்று போனில் கெஞ்சினான்.

"நாலு மணிக்கு மார்க் லிஸ்ட் போயிடும். அதுக்குள்ள வா."

ஊரப்பாக்கம் ஸ்டேஷனில் தண்டவாளத்தைத் தாண்டி ஓடியவனை ரயில் அடித்தபோது மணி மூன்று இருபது.

இன்று ஹெப்சி அடுத்த தேர்வின் தாள்களைத் திருத்தினார். நாற்பத்தொரு தாளிலும் பிளஸ் சி இருந்தது. அந்த பிளஸ் சி மட்டும் எல்லாத் தாளிலும் வயலட் மையில். வகுப்பில் அந்த மையில் எழுதியவன் பர்வேஸ் ஒருவன்தான்.

மாணவி ஃபஹீமாவைக் கூப்பிட்டு அவள் தாளைக் காட்டினார்.

"இதை நான் போடல மேடம். மறந்துட்டேன்."

யாருக்கும் மார்க் குறைக்க வழியில்லை. ஹெப்சி பீரோவைத் திறந்து பர்வேஸின் பழைய தாளை எடுத்தார். கடைசி வரியை விரலால் தடவிப் பார்த்தார்.

அதில் மட்டும் இன்னும் இல்லை.