மார்கழி வெயில்

"பாடப் புத்தகத்தை மூடி வைச்சிட்டு, துறைமுகத்துக் கப்பலைப் பற்றிப் பிள்ளைகள் கேட்கிற கேள்வியளையே பாடத்திட்டமாக்கினீங்க. இண்டைக்குக் கல்வி அதிகாரி வந்து அதை நிப்பாட்டப் போறார், டீச்சர்," என்றார் அதிபர் அபூதாஹிர்.

ஆசிரியை அசனா வகுப்புக்கு விரைந்தாள்.

நாலாம் வகுப்பில் அதிகாரி கேட்டார்: "உங்கட ரொட்டிக்கு மா எங்கயிருந்து வருது?"

"அவுஸ்திரேலியாவிலயிருந்து கப்பல்ல, சேர்," என்றாள் முன்வரிசை மாணவி மைமூனா. "அங்க மார்கழியில நல்ல வெயில், கோதுமை வெட்டுறாங்க. இங்க மார்கழியில மழை. சூரியன் ஒண்டுதானே, ஏன் சேர் அப்பிடி?"

அதிகாரி நேரே அதிபரின் அறைக்கு நடந்தார். அதிகாரிகள் குறிப்பெழுதும் பாடசாலைச் சம்பவத் திரட்டுப் புத்தகத்தில் விறுவிறுவென்று எழுதிவிட்டுப் போனார்.

"முடிஞ்சுது கதை," என்றபடி அதைத் திறந்த அதிபர், வாசித்துவிட்டு அசனாவிடம் நீட்டினார்.

'இத்திட்டம் தொடரட்டும். பிள்ளைகள் விடையைக் கண்டுபிடித்ததும் எனக்கும் எழுதி அனுப்பவும். எனக்குத் தெரியவில்லை.'