உடம்பெல்லாம் நாக்கு

கிரிவலப் பாதையோரக் குளத்தின் படிகளில் பௌர்ணமிக் கூட்டம் நெருக்கியடிக்கிறது. சாய்ந்த வெயில் தண்ணீரின் அடிவரை இறங்கியிருக்கிறது. ஒலிபெருக்கி, காணாமல்போன ஒரு பெரியவரின் அடையாளத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது. "குளத்துல உப்பு மிளகு போடுங்க, மரு தானா உதிர்ந்துடும்" என்று பொட்டலம் விற்கிறாள் ராணியம்மாள். கழுத்தில் மரு உள்ள என் கணவர் சக்கரபாணி இரண்டு பொட்டலம் வாங்குகிறார். கடைசிப் படியில் உப்பு கரையாமல் வெள்ளையாகப் படிந்து கிடக்கிறது. அதை ஒட்டி ஒரு கெளுத்தி மீன், மீசை துடிக்க, சுவரோரம் ஒடுங்குகிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. "போடாதீங்க. கெளுத்திக்கு வாயில மட்டும் இல்ல, மீசை, வயிறு, வாலுன்னு எல்லா இடத்துலயும் ருசி தெரியும். விஞ்ஞானிங்க கண்டுபிடிச்சிருக்காங்க. அதுக்கு உடம்பெல்லாம் நாக்குங்க." "டீச்சர் வேலைய ஸ்கூலோட வச்சுக்க, ஆதிலட்சுமி. மீனுக்கு என்னா தெரியும்?" பக்கத்தில் நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பு தரும் தைரியத்தில் அவர் கை நிறைய அள்ளி வீசுகிறார். உப்புக்கல் அதன் முதுகெல்லாம் விழுகிறது. அது உடம்பை முறுக்கிக்கொண்டு சுவரில் மோதுகிறது, மறுபடியும் மோதுகிறது. காலையில் சாம்பாரில் ஒரு கல் உப்பு ஜாஸ்தி என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்த மனுஷன், இரண்டாவது பொட்டலத்தைப் பிரிக்கிறார். நான் அதைப் பிடுங்கிக்கொள்கிறேன். கைப்பிடி உப்பை அவர் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டு, அத்தனை பேர் பார்க்கச் சொல்கிறேன்: "நாக்க நீட்டுங்க."