கோணல் மூக்கு வம்சம்

“எங்கே, கொஞ்சம் வெளிச்சத்துக்குத் திரும்பு தம்பி. மூக்கைப் பார்க்கணும்.”

சூப்புக் கரண்டியைக் கையில் பிடித்தபடியே அலஸ்டர் கேமரன் ஜன்னல் பக்கம் திரும்பினான். மோரக்கைக் கட்டிக்கொள்ளச் சம்மதம் கேட்கத்தான் காலைக் கப்பலில் யூயிஸ்ட் தீவுக்கு வந்திருந்தான். மோரக்கின் அப்பா தோர்மத் மக்கின்டயர் அவன் மூக்கை இரண்டு பக்கமும் நிதானமாகப் பார்த்தார்.

“நேராத்தான் இருக்கு. ஆச்சரியந்தான். கேமரன்னா நம்ம கேலிக் பாஷையில ‘கோணல் மூக்கு’. தெரியுமில்ல?”

“தெரியும் ஐயா. பள்ளிக்கூடத்துல ஒருத்தன் பாக்கியில்லாம எல்லாரும் சொல்லிக் காட்டியிருக்காங்க.”

“அவனைச் சாப்பிட விடுங்க. சூப் ஆறுது” என்றாள் மோரக்கின் அம்மா கிர்ஸ்டி.

“ஆறட்டும். எங்க மக்கின்டயர்ங்கற பேருக்கு என்ன அர்த்தம்? தச்சன் மகன். எங்க பாட்டன் ஒருத்தர் கடல்ல போறப்போ படகுல ஓட்டை விழுந்துச்சு. கட்டைவிரலைத் திணிச்சு அடைச்சார். துடுப்பு போடக் கை வேணுமே? விரலை வெட்டி அங்கேயே விட்டுட்டுக் கரை சேர்ந்தார். அந்த வம்சம் இது.”

“தச்சர்னு சொல்றீங்க. படகுல ஒரு மரத்துண்டு கூடவா இல்ல?”

சிரிப்பை மறைக்க கிர்ஸ்டி உருளைக்கிழங்குப் பாத்திரத்தோடு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மோரக் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கேலி பண்ணு, பண்ணு. எனக்கு இவ ஒருத்திதான். உன்னைக் கட்டினா இவளும் கோணல் மூக்கு. தச்சன் மகன்ங்கற பேரு என்னோட சரி.”

விளையாட்டாகத்தான் ஆரம்பித்தார். கடைசி வார்த்தைகளில் குரல் இறங்கிவிட்டது. அலஸ்டர் கரண்டியைக் கீழே வைத்தான்.

“நான் உங்க பேரை வச்சுக்கறேன் ஐயா. மோரக்கும் நானும் பேசி முடிவு பண்ணிட்டோம். அதைச் சொல்லத்தான் தயங்கிட்டிருந்தேன்.”

தோர்மத்தின் முகம் இறுகியது. “உங்கப்பா என்ன சொன்னார்?”

“முதல்ல கத்தினார். அப்புறம் உன் இஷ்டம்னுட்டார்.”

“பேருன்னா என்ன, சந்தையில வாங்கற சட்டையா? மாட்டிக்கிட்டா உடம்போட ஒட்டிக்குமா?”

“தெரியல ஐயா. ஒட்டாதுன்னு நீங்க சொன்னா வேண்டாம்.”

அவர் மனைவியைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். பிறகு மேசைக்கு மேலாகக் கை நீட்டி அலஸ்டரின் தோளை அழுத்திப் பிடித்தார்.

“ஒட்டிக்கும். கொஞ்ச நாளைக்கு யாராவது கூப்பிட்டா சட்டுனு திரும்பிப் பார்க்க வராது, அவ்வளவுதான். கிளாஸ்கோ அனாதை இல்லத்துலேருந்து அஞ்சு வயசுல என்னை வளர்க்கச் சொல்லி இந்த வீட்டுக்கு அனுப்பி வச்சப்போ, என் பேரும் கேமரன்தான்.”