எடுக்காத பணம்

“இன்னிக்கே கடையைக் காலி பண்ணு!”

கண்ணையன் போட்ட சத்தத்தில், திருத்தணி மலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள்கூட நின்று பார்த்தார்கள். அவர் வீட்டின் கீழ்ப் பகுதியில் பல வருஷமாக மெக்கானிக் கடை வைத்திருந்த அல்தாஃப், கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தான்.

“நான் எடுக்கல நைனா.”

“ஸ்கூட்டரை சர்வீஸுக்கு உன்கிட்ட உட்டுட்டு பள்ளிப்பட்டு போனேன். கிரெடிட் கார்டு சீட்டுக்கு அடியிலயே இருந்துச்சு. அன்னிக்கு மத்தியானம் அரக்கோணத்துல நாலு தடவையா நாப்பதாயிரம் எடுத்துக்கீறாங்க. கார்டைத் திரும்ப வெச்சுட்டா தெரியாதுன்னு நெனச்சியா?”

“நான் இல்ல நைனா.”

“அன்னிக்கு நீ அரக்கோணம் போனியா, இல்லியா?”

“போனேன். ஸ்பேர் வாங்க.”

“அப்ப யார்தான் எடுத்தது? சொல்லு!”

அல்தாஃப் தலையைக் குனிந்துகொண்டான். வேடிக்கை பார்த்த தெருவுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

“உடுப்பா, போனாப் போவுது” என்றான் மகன் சூர்யபிரகாஷ். படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருப்பவன்.

“போனாப் போவுதா? உன்ன மாதிரி இளிச்சவாயனுங்க இருக்கறதாலதான் இவனுங்க பொழைக்கிறானுங்க!”

டூல்ஸ் பெட்டி தெருவில் வந்து விழுந்தது. ஸ்பானர்கள் சிதறி ஓடின. அல்தாஃப் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டு போனான்.

வங்கியில் கண்ணையன் கத்தியதை மேனேஜர் ஹேமாவதி பொறுமையாகத்தான் கேட்டார்.

“நான் எடுக்காத பணத்தை நான் எதுக்கும்மா கட்டணும்?”

“சரியான பின் நம்பர் போட்டுதான் எடுத்திருக்காங்க சார். நம்பரை யார்கிட்டயாவது சொன்னீங்களா?”

“சொல்லல. மறந்து போவுதுன்னு கார்டு உறை மேல எழுதி வெச்சிருந்தேன்.”

ஹேமாவதி நிமிர்ந்து பார்த்தார். “அப்ப பொறுப்பு உங்களோடதுதான் சார்.”

கண்ணையன் விடவில்லை. தலைமை அலுவலகத்துக்கு மனுப் போட்டார். போலீஸில் அல்தாஃப் பேரைச் சொல்லியே புகார் கொடுத்தார். ஸ்டேஷனில் அவனை இரண்டு முறை கூப்பிட்டு நாள் முழுக்க உட்கார வைத்தார்கள். அப்போதும் அவன் சொன்னது அதே மூன்று வார்த்தைதான். “நான் எடுக்கல சார்.”

அதற்குப் பிறகு திருத்தணியில் யாரும் அவனுக்குக் கடை கொடுக்கவில்லை. மனைவி பர்ஹீனையும் கூட்டிக்கொண்டு அரக்கோணம் போய்விட்டான். யாரோ ஒருவர் கடையில் தினக்கூலி என்று கேள்வி.

இங்கே வட்டி ஏறிக்கொண்டே போனது. வசூல் ஆட்கள் போனில் கூப்பிட்டு, எடுத்துப் பேசிய அவர் மனைவி அன்னம்மாளிடம் வாய்க்கு வந்தபடி பேசினார்கள். அவள் போனைத் தொடுவதற்கே பயந்தாள். ஒவ்வொரு முறை போன் அடிக்கும்போதும் கண்ணையன் பல்லைக் கடித்தார்.

“உருப்படுவானா அவன்? நல்லா இருப்பானா?”

சூர்யபிரகாஷ் எழுந்து வெளியே போய்விடுவான்.

ஒரு நாள் ஹேமாவதியே கூப்பிட்டார்.

“ஏ.டி.எம். கேமரா படம் வந்திருக்கு சார். இது யாருன்னு தெரியுதா பாருங்க.”

கம்ப்யூட்டர் திரையைத் திருப்பி வைத்தார்.

அல்தாஃப் இல்லை.

கண்ணையன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். சூர்யபிரகாஷ். அந்த ஸ்கூட்டருக்கு இன்னொரு சாவி அவனிடம்தான் இருந்தது.

“தெரிஞ்ச ஆளா இருந்தா சொல்லுங்க சார். போலீஸ்ல இன்னிக்கே பிடிச்சிருவாங்க.”

“தெரியாதும்மா.”

“அப்ப படத்தை ஸ்டேஷனுக்கு அனுப்பிடட்டுமா?”

“வேணாம்! வேணாம்மா... புகாரை நான் வாபஸ் வாங்கிக்கிறேன். பணத்தை நானே கட்டிடறேன்.”

“இத்தனை மாசமா சண்டை போட்டீங்களே சார்?”

கண்ணையன் எழுந்து வெளியே வந்தார். வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை. அன்னம்மாள் முகத்தை எப்படிப் பார்ப்பது? அரக்கோணம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

விசாரித்துக் கண்டுபிடித்த அந்தக் கடை ரயில்வே லைனை ஒட்டி இருந்தது. வாசலில் குந்தி, ஏதோ ஒரு வண்டியின் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான் அல்தாஃப். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. இவரைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

“வாங்க நைனா. தண்ணி குடிக்கிறீங்களா?”

பஸ்ஸில் வரும்போதெல்லாம் உண்மையைச் சொல்லிக் காலில் விழுந்துவிட வேண்டும் என்றுதான் நினைத்துக்கொண்டு வந்தார். வாயைத் திறந்தபோது வேறு வந்தது.

“கடையை வந்து தொறந்துக்க அல்தாஃப். பேங்க்ல சொல்லிட்டாங்க. யாரும் எடுக்கலியாம். மிஷின் தப்பாம்.”

சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்க அவரால் முடியவில்லை.

அல்தாஃப் கையிலிருந்த கிரீஸை நிதானமாகத் துடைத்தான். கடை முதலாளிக்குக் கேட்காதபடி கிட்டே வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

“ஆங், மிஷின் தப்பாவே இருக்கட்டும் நைனா. சூர்யாவை மட்டும் ஒண்ணும் கேட்டுடாதீங்க. போன்ல ரம்மி ஆடி, கடன்காரனுக்கு பயந்து கார்டை எடுத்துட்டான். எடுத்த அப்புறம் உங்களுக்கு பயந்து, அன்னிக்கு அதோ, அந்தத் தண்டவாளத்துலதான் நின்னுகினு இருந்தான். உங்ககிட்ட சொல்லமாட்டேன்னு நான் சத்தியம் பண்ண அப்புறம்தான் என்கூட வீட்டுக்கு வந்தான்.”